கவிதா எந்தப் பயிற்சிக்குப் போகலாம்? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

கவிதா: பெரியப்பா, அத்தை, அருண் அண்ணா, உங்கள் மூவருடைய கருத்தும் எனக்குத் தேவை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்காக அடுத்த மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் பற்றிய சொற்பொழிவுத் தொடர். மற்றொன்று, யூனிக்ஸ் கட்டளைவரி (கணினிக்கு எழுத்தில் கட்டளையிடும் முறை), கிட் (கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்), பைத்தான் (ஒரு நிரல்மொழி) ஆகியவற்றைக் கணினியில் செய்தபடியே கற்கும் இரண்டு நாள் பயிலரங்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் என் நெறியாளர் அனுமதி தருவார். என் மண் ஈரப்பத அளவீடுகள் எல்லாம் எக்செல் கோப்புகளில் இருக்கும் நிலையில், எனக்கு எது கூடுதலாகப் பயன்படும்?

அத்தை: சொற்பொழிவுகளுக்கே போ, கண்ணு. எங்கள் கல்லூரிக்கு நேர்காணல் நடத்த வருகிறவர்கள் தரவுகளிலிருந்து கணினி தானே கற்கும் எந்திரக் கற்றலைப் பற்றித்தான் மாணவிகளிடம் கேட்கிறார்கள். கட்டளைவரியையும் கிட்டையும் வீட்டிலிருந்தே காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். துறையில் முன்னணியில் இருப்பவர்கள் நேரில் வந்து பேசும் வாய்ப்பு அடிக்கடி அமையாது.

அருண்: அத்தை, நான் இதில் மாறுபடுகிறேன். சொற்பொழிவைத்தான் பிறகு காணொளியாகப் பார்த்துக்கொள்ள முடியும். திரையில் வந்த பிழைச்செய்தியைப் பக்கத்தில் நின்று படித்து, அது எதனால் வந்தது என்று ஒருவர் சொல்லித்தருவது காணொளியில் கிடைக்காது. கவிதா குறிப்பிடும் பாடவரிசை சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற அமைப்பின் வழியில் வந்தது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் அதைத் தொடங்கினார்கள். அறிவியலாளர்கள் நாள் முழுவதும் நிரல் எழுதினாலும், எழுதியதைச் சோதிக்கவும் பழைய வடிவங்களைக் காப்பாற்றவும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை என்ற குறையே அதற்குக் காரணம். 2014இல் தொடங்கிய டேட்டா கார்ப்பென்ட்ரியும் அதுவும் 2018இல் ஒன்றாக இணைந்தன. பாடங்கள் அனைத்தும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் திறந்தே இருக்கின்றன.

அங்கே பயிற்றுநர் முன்பே தயாரித்த படவில்லைகளைக் காட்டிக்கொண்டு போவதில்லை. எல்லோர் கண்முன்னும் நிரலை வரிவரியாகத் தட்டச்சு செய்வார், மாணவர்களும் அவரோடு சேர்ந்து செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள் தரப்படும். முடித்தவர் ஒரு நிறத்தையும் சிக்கிக்கொண்டவர் மற்றதையும் மடிக்கணினியின் மேல் ஒட்டிவிட்டால் போதும், கை தூக்கக் கூச்சப்படுகிறவரிடமும் உதவியாளர் தாமாகவே வந்துவிடுவார். இப்படியொரு பயிலரங்கில் உதவியாளராக நின்றபோது, காலையில் பேசவே தயங்கிய மாணவர்கள் மாலையில் பக்கத்திலிருப்பவரின் பிழையைத் திருத்திக் கொடுப்பதைப் பார்த்து மிகவும் மகிழ்ந்தேன்.

கவிதா: அண்ணா, எக்செல்லிலேயே வேலை நடக்கும்போது அதை விட்டு வரத்தான் வேண்டுமா?

அத்தை: இதற்கு நானே பதில் சொல்கிறேன், ஏனெனில் இது என் துறையை நேரடியாகத் தொட்ட செய்தி. மார்ச்1, செப்ட்2 என்பன போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல்லில் உள்ளிட்டால், அது அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக மாற்றிவிடும். எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. மென்பொருள் வழிக்கு வராததால் அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொண்டதே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அருண்: அத்தை சொன்னதோடு இன்னொன்று. 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் பட்டியலில் சேராமல் போனது. எக்செல்லின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். கவிதா, உன் உணரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தால் ஓர் ஆண்டில் 52,560 வரிசைகள் சேரும். இப்போதைய வடிவம் பத்து லட்சத்துக்கு மேல் தாங்கும் என்றாலும், எந்தக் கட்டத்தில் யார் எதை மாற்றினார் என்ற தடம் அதில் இயல்பாகத் தங்குவதில்லை. நிரலாக எழுதி கிட்டில் வைத்தால், மூல அளவீட்டிலிருந்து இறுதி வரைபடம் வரை ஒவ்வொரு படியையும் உன் நெறியாளர் தாமே ஓட்டிப் பார்க்க முடியும்.

பெரியப்பா: எல்லோரும் சொன்னதைப் படித்தேன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 கணினி நிறுவப்பட்ட பிறகு, துளையிட்ட அட்டைகளில் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிப் பழகியவன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். கவிதா குறிப்பிட்ட இரண்டு நிகழ்ச்சிகளிலும் எண்முறைக் கணிப்பு, அதாவது கணினி எண்களை எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறது என்பது, இல்லை. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை என்பதை ஆய்வு மாணவர்கள் முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் நீளும் பின்னம் என்பதால் கணினி அதை ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்கிறது.

வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு தன்னை நோக்கி வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறி, 28 வீரர்கள் உயிரிழந்தார்கள். அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணியது. அதை வினாடியாக மாற்றும் 0.1 என்ற எண் 24 பிட்டுகளில், அதாவது 24 இரும இலக்கங்களில், வெட்டப்பட்டிருந்தது. ஏறத்தாழ நூறு மணி நேரம் நிறுத்தாமல் இயங்கியதில் அந்தச் சிறு பிழை வளர்ந்து 0.34 வினாடி ஆயிற்று. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அளவீடுகளை ஆண்டுக்கணக்கில் கூட்டிக்கொண்டே போகும் உன் போன்றவர்களுக்கு இது பழைய போர்க்கதை அன்று, அம்மா. பயிலரங்குக்கே போ. போகும்போது இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கும்படி அமைப்பாளர்களிடம் கேள்.

அத்தை: உன் பெரியப்பா சொன்ன பிறகு நானும் பயிலரங்கையே சொல்கிறேன். சொற்பொழிவுகளைப் பதிவு செய்வார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள். அருண், என் மாணவிகளில் பலருக்கு ஆங்கிலப் பாடங்களைத் தொடர்வது கடினமாக இருக்கிறது. அவர்களுக்கு ஏதேனும் வழி உண்டா?

அருண்: உண்டு அத்தை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் இயங்குதளம் போன்ற பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் சிறிய காணொளி என்பதால், வகுப்பில் ஓட்டி நிறுத்தி, மாணவிகளைச் செய்துபார்க்கச் சொல்லலாம்.

கவிதா: மிக்க நன்றி. பயிலரங்குக்கு இன்றே பதிவு செய்கிறேன், பெரியப்பா சொன்ன கோரிக்கையையும் படிவத்திலேயே எழுதிவிடுகிறேன். அருண் அண்ணா, போவதற்கு முன் என் கோப்புகளில் எதைச் சரிசெய்து வைக்க வேண்டும்?

அருண்: மூலக் கோப்புகளைத் தனி அடைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, அவற்றில் இனி எதையும் திருத்தாதே. வேலை செய்யும் நகலில் ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை என்று வைத்து, தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுது. ஐயத்துக்குரிய அளவீடுகளை மஞ்சள் நிறத்தால் அடையாளமிட்டிருந்தால், நிறத்தை நிரல் எளிதில் படிக்காது என்பதால், அந்தக் குறிப்புக்குத் தனி நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துவிடு. பிறகு சி.எஸ்.வி.யாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக, சேமித்து எனக்கு ஒன்றை அனுப்பு, இன்றிரவே பார்த்துச் சொல்கிறேன்.