மோரிஸ் மைனர் மாஸ்டர் சிலிண்டர்: ரீபில்ட் வாங்கலாமா, புதுசா?

மைனர்66:
சிங்கப்பூர்ல பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துல ஓடுற 1966 மோரிஸ் மைனர். பிரேக் பெடலை அழுத்திப் பிடிச்சா மெல்லக் கீழே இறங்குது, வெளியே ஒழுக்கு எதுவும் தெரியல. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அழுத்தினா பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுற பாகம்) போச்சுன்னு காக்கி புக்கிட் வொர்க்‌ஷாப்ல சொல்லிட்டாங்க. இங்கிலாந்துல ஒரு கடை பழசைப் பிரிச்சு ரீபில்ட் பண்ணினது தர்றாங்க, நம்ம பழசை அனுப்பினா டெபாசிட் திரும்ப வரும். அதுல பாதி விலைக்கு, ஒரிஜினல் மாதிரியே இப்ப செஞ்ச புது காப்பியும் கிடைக்குது. எது எடுக்கலாம்?

ஊபி_வாசி:
புதுசு. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர்னா ரீபில்ட் வாங்குங்க, போனா வண்டி நிக்கும், அவ்வளவுதான். மைனர்ல பிரேக்குக்கு ஒரே ஆயில் சர்க்யூட். இது கைவிட்டா நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்ல. பிஐஈ விரைவுச்சாலையில ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்துவீங்களா?

பழைய_இரும்பு:
எந்தப் புதுசு? ஒரிஜினலைச் செஞ்ச லாக்ஹீட் கம்பெனிக்காரன் அந்தக் காலத்துல வார்த்ததா இப்ப விக்கிறாங்க? பெட்டிதான் புதுசு. உள்ளே ரப்பர் என்ன ரகம்னு விக்கிறவருக்கே தெரியாது.

நம்ம ஊர் விஷயம் வேற. வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம், மிச்ச நாளெல்லாம் வண்டி கார்பார்க்ல ஈரக்காத்துல நிக்குது. டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். அது போரோட (சிலிண்டரோட உள்துளை) அடிப்பக்கம் தங்கி இரும்புல குழி போடும். குழி மேல போய்ப் போய் வந்தா ரப்பர் சீல் கிழியாம என்ன செய்யும்? இங்க ஓடித் தேஞ்ச சிலிண்டரை விட நின்னு கெட்டதுதான் நான் அதிகம் பாத்திருக்கேன். பழைய வார்ப்புல போருக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கிட்டா அந்தத் தொல்லையே இல்ல. புது காப்பி பெரும்பாலும் திரும்பவும் அதே வெறும் இரும்புதானே.

ஊபி_வாசி:
எல்லாரும் ஸ்லீவா போடுறாங்க? ஹோன் பண்ணி, அதாவது கல்லால போரைச் சுரண்டிக் குழியைத் தேச்சு, சீல் மாத்தி, மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு அனுப்புறவங்களும் இருக்காங்க. போர் அகலமானா சீல் இறுக்கமா உக்காராது. வாங்குறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பழைய_இரும்பு:
வாய் இருக்கில்ல, கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

தேக்கா_ராணி:
ரெண்டு அண்ணன்களும் கூலியை மறந்துட்டீங்க. மைனர்ல அந்தச் சிலிண்டர் டிரைவர் காலுக்கு அடியில, சேஸிக்குள்ள இருக்கு. போல்ட்டை உருவலாம்னு பாத்தா டார்ஷன் பார் (சஸ்பென்ஷனோட நீளக் கம்பி) குறுக்கே நிக்கும், அதை நகர்த்தணும். சாமான்ல நூறு வெள்ளி மிச்சம் பிடிச்சுட்டு, அது சொதப்பி மறுபடி எல்லாத்தையும் இறக்கினா மெக்கானிக் சும்மா செய்வாரா?

பழசைக் கொடுத்து வேற ஒண்ணை வாங்குற எக்ஸ்சேஞ்ச் பக்கமே நான் போக மாட்டேன். உங்க சிலிண்டரையே அனுப்பி ஸ்லீவ் போட்டு வாங்குங்க. யாரோ ஒருத்தர் வண்டியில என்ன பாடுபட்டதுன்னு தெரியாத வார்ப்பு நமக்கு எதுக்கு? தபால் செலவு வலிக்கும், மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினா 9 சதவீத ஜிஎஸ்டி வேற. சில வாரம் வண்டி நிக்கும். எப்படியும் நிக்கிற வண்டிதானே!

ஊபி_வாசி:
ராணி சொல்றதுல ஸ்லீவ் வரைக்கும் ஒத்துக்கறேன். முகம் தெரியாத கடையோட எக்ஸ்சேஞ்சுக்கு இப்பவும் மாட்டேன்தான். எஸ்யூ கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) ரீபில்ட் வாங்குங்க, தடுக்கல. அதோட ஸ்பிண்டில் புஷ்ஷை ஒழுங்காப் போடலைன்னா வண்டி நிக்கும்போது இன்ஜின் வேகம் ஏறி இறங்கும், யாரும் சாக மாட்டாங்க.

மைனர்66:
ஸ்லீவ் உண்டான்னு கடைக்காரங்களைக் கேட்டேன். ‘முழுசா டெஸ்ட் பண்ணினது’ன்னு ஒரு வரி பதில். திரும்பக் கேட்டதுக்கும் அதே வரி.

ஊபி_வாசி:
இதுக்கு மேல என்ன வேணும்?

பழைய_இரும்பு:
அந்தக் கடையை விடுங்க, நானே சொல்றேன். முதல்ல இப்ப இருக்கிறதைக் கழட்டி, போருக்குள்ள டார்ச் அடிச்சுப் படம் போடுங்க. குழி இல்லாம மழமழன்னு இருந்தா வெறும் சீல் கிட் போதும். ரீபில்ட்டும் வேண்டாம், காப்பியும் வேண்டாம்.

ஊபி_வாசி:
வொர்க்‌ஷாப்புக்கு டோ பண்ணிட்டுப் போங்க தம்பி, ஓட்டிட்டுப் போகாதீங்க.