மறு: மொய்ஸ்சரைசருக்குத் தமிழ் – ஈரப்பதமூட்டியா, ஈரக்காப்பா?

சொல்லாக்கக் குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கோவைத் தம்பி கேட்டது:

> ஈரப்பதமூட்டி என்ற சொல் பரவலாகிவிட்டது. விளம்பரம், வார இதழ், இணையக் கடை எல்லாவற்றிலும் அதுதான். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு அக்கா?

பரவியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அதே சொல்லை அறைக்குள் நீராவி விடும் கருவிக்கும் வைத்திருக்கிறார்கள். இணையக் கடையில் தேடினால் முகத்துக்குப் பூசும் கிறீமும் புகை கக்கும் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைக்கூட விடலாம், இடம் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். எனக்கு இடிப்பது ‘ஊட்டி’தான். ஊட்டுவது என்றால் இல்லாத ஒன்றை உள்ளே கொடுப்பது. போத்தலில் இருக்கும் ஈரம் தோலுக்குள் ஏறுகிறது என்றுதான் வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். இந்தப் பூச்சுகளின் முக்கியமான வேலை அது இல்லை. வியர்க்காமல் சும்மா இருந்தாலும் மேற்றோலின் வெளியடுக்கு வழியாக உடம்பின் நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தோல்வழி நீரிழப்பைக் குறைத்து, இருக்கிற ஈரத்தை இருக்கிற இடத்திலேயே வைத்திருப்பதுதான் பெரிய வேலை. ஆகவே சொல்லில் காப்பு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. துணுக்காய்ப் பக்கத்து மாதர் சங்கப் பெண்களுக்காக நான் எழுதும் துண்டுப்பிரசுரத்தில் வந்து நிற்கும் சிக்கல் இது. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் வைகாசி பிறந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் ஈரமில்லாத காற்று. கிணற்று நீர் பல ஊர்களில் வன்னீர், அதாவது கல்சியம் போன்ற உப்புகள் கூடிய கடின நீர். முகப்பரு உள்ள பிள்ளைகள் எண்ணெய் வடிகிறது என்று அந்த நீரில் சவர்க்காரம் போட்டு ஒரு நாளைக்குப் பலமுறை முகத்தைத் தேய்க்கிறார்கள். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத் தன்மையுள்ளது, பீஎச் 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரணச் சவர்க்காரம் காரத் தன்மையுள்ளது, பீஎச் 9, 10. போதாததற்கு வன்னீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கழுவக் கழுவப் போகாத படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்கிறது. விளைவு, பருவும் அப்படியே இருக்கும், கன்னம் வறண்டு செதிலும் கிளம்பும். பருவுக்குப் பென்சோயில் பெரொக்சைட், அடாபலீன் போன்ற மருந்துகள் பூசுகிறவர்களுக்கு வறட்சி இன்னும் கூட. அப்புறம் ‘ஈரமூட்டி’ என்று யாரோ சொன்னதை நம்பிக் கற்றாழையை மட்டும் அப்பிவிட்டு வெயிலுக்குள் போகிறார்கள். காய்ந்ததும் முகம் இழுத்துப் பிடிக்கிறது. ஈரம் ஊட்டியாயிற்றே, பிறகு ஏன் இழுக்கிறது என்று கேட்டால் அந்தச் சொல்லிடம் பதில் இல்லை.

குழுமத்தில் கனடா ஐயா முன்மொழிந்த ‘ஈரங்காப்பி’ எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வன்னியில் அதற்கு இடைஞ்சலும் இல்லை, நாங்கள் குடிப்பது கோப்பி. தமிழ்நாட்டில்தான் அது தம்ளரில் நுரையோடு வந்து நிற்கும். ‘தோற்பதனி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தோல் பதனிடுவது மாட்டுத்தோலுக்கு. முகத்துக்கு வேண்டாமே! ‘ஈரக்காப்பு’ என்பதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ‘ஈரக்காப்புப் பூச்சு’, ‘ஈரக்காப்புக் கிறீம்’ என்று ஒட்டிப் போகிறது. காப்பு என்றால் கையில் போடுவதும்தான், ஆனால் காப்புறுதியைக் கேட்டு யாரும் வளையலை நினைப்பதில்லை.

இனித்தான் உண்மையான வேலை. ஒரு சொல் போதாது. பூச்சுக்குள் இருக்கும் பொருள்கள் மூன்று விதமாக வேலை செய்கின்றன, மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் துண்டுப்பிரசுரத்தில் ஒரு பந்தி நகராது.

முதலாவது ஹியூமெக்டன்ட். கிளிசரின், தேன், கற்றாழைச் சாறு, யூரியா எல்லாம் இந்த வகை. நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கும். (யூரியா என்றதும் இங்கே எல்லாருக்கும் வயல்தான் ஞாபகம் வரும். மூலக்கூறு ஒன்றுதான், அதற்காக உரப்பையிலிருந்து அள்ளி முகத்தில் பூச வேண்டாம் என்று தனியாகவே எழுதப் போகிறேன்.) இதற்கு ‘நீரீர்ப்பி’ என்று போட்டிருக்கிறேன். காற்றில் ஈரம் இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் எடுக்கும். சோளகக் காற்றில் எடுக்க என்ன இருக்கிறது? அப்போது தோலின் அடியிலிருந்து மேலே இழுக்கும், மேலே ஒரு மூடல் இல்லாவிட்டால் இழுத்ததும் ஆவியாகிவிடும். கிளிசரினைத் தண்ணீர் கலக்காமல் பூசினால் எரிவதும் இழுப்பதும் இதனால்தான்.

இரண்டாவது எமோலியன்ட். தோலின் செதில்களுக்கிடையே உள்ள வெடிப்புகளில் இறங்கி மேற்பரப்பைச் சமனாக்கும் எண்ணெய்களும் கொழுப்புகளும். பழைய அகராதிகளின் வழியில் போனால் ‘இளக்கி’ என்று வரும். தமிழில் இளக்கி என்ற உடனே முன்னால் என்ன வந்து ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும். மலத்தை விட்டுவிட்டு முகத்துக்கு வருவோம். என் முன்மொழிவு ‘நிரவி’. விதைப்புக்கு முன் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு வயலை நிரவுகிறோமே, தோலில் இந்த எண்ணெய்கள் செய்வதும் அதே வேலைதான்.

மூன்றாவது ஒக்லூசிவ். வாசலின், தேன்மெழுகு போன்றவை. மேலே ஒரு படலமாகப் படிந்து நீர் வெளியேறாமல் தடுக்கும். இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) படித்த எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் கடத்தி தெரியும், காவலி தெரியும். வெப்பத்தைப் போகவிடாதது வெப்பக் காவலி. ஈரத்தைப் போகவிடாதது ‘ஈரக்காவலி’.

ஒரே பொருள் இரண்டு வேலை செய்வதும் உண்டு, எண்ணெய்கள் நிரவியாகவும் கொஞ்சம் காவலியாகவும் இருக்கும். அது சொல்லின் குறை இல்லை.

மிச்சம் இருப்பது கொமிடோன். மயிர்க்காலுக்குள் தோல் சுரக்கும் நெய்யும் இறந்த தோற்கலங்களும் சேர்ந்து இறுகிய அடைப்பு. பருவின் தொடக்கம் அது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பெருந்தீனிக்காரன் என்று பொருள். பிதுக்கினால் வெளியே வருவதைப் பார்த்து, உடம்பைத் தின்னும் புழு என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தப் புழுவையும் சேர்த்து மொழிபெயர்க்கத் தேவையில்லை. கரும்புள்ளி, வெண்புள்ளி என்று நிறத்தை வைத்துப் பிரிப்பதும் சரிவராது. வெண்புள்ளி என்றால் தமிழ்நாட்டில் வேறொரு தோல் நிலைக்குப் பெயர். பாடத்தில் நெய்ச்சுரப்பி இருப்பதால் ‘நெய்யடைப்பு’ என்று வைத்திருக்கிறேன். நொன் கொமிடோஜெனிக் என்பதற்கு ‘நெய்யடைப்பு உண்டாக்காத’. நீளம்தான். குறுக்கத் தெரிந்தவர்கள் குறுக்கித் தாருங்கள்.

துணுக்காயிலிருந்து

*

அக்காவுக்கு வணக்கம்.

ஊட்டி விஷயத்தில் சரணடைகிறேன். ஈரக்காப்பு நன்றாகவே இருக்கிறது.

காவலியை இங்கே கோவையில் யாருக்கும் தெரியாது. நாங்கள் படித்தது மின்காப்பான், காப்புப் பொருள். ஆனாலும் காவல் என்ற வேர் முகத்திலேயே தெரிவதால் புரிந்துவிடும், அதற்கு என் ஓட்டு உண்டு. நிரவி என்றால் எனக்குக் காரைக்கால் பக்கத்து ஊர்தான் நினைவு வருகிறது, இருந்தாலும் சொல் அழகு.

நீரீர்ப்பி மட்டும் வேண்டாம் அக்கா. வாய்விட்டு மூன்று தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் பிஸ்கட் ஈரம் வாங்கிவிட்டது, அப்பளம் ஈரம் வாங்கிவிட்டது என்று வீட்டில் சொல்கிறோமே? சுமைதாங்கி, இடிதாங்கி மாதிரி ‘ஈரவாங்கி’ என்று வைக்கலாமா?

நெய்யடைப்பு எனக்கு உறுத்துகிறது. படிப்பவர் சோற்றில் விடும் நெய் என்றே நினைப்பார். நெய் சாப்பிட்டால் பரு வரும் என்று ஏற்கெனவே ஒரு நம்பிக்கை உலவுகிறது, நாமே அதற்கு எண்ணெய் ஊற்றுவானேன்? ‘துளையடைப்பு’ போதாதா?

கடைசியாக ஒன்று. பிரசுரத்தில் தேன், எலுமிச்சை, தேங்காயெண்ணெய்க் குறிப்பு வருகிறதா? என் அம்மா கேட்கச் சொன்னார்.

*

தம்பிக்கு,

ஈரவாங்கி. உடனே எடுத்துக்கொண்டேன், நீரீர்ப்பியை வெட்டியாயிற்று. வீட்டில் ஏற்கெனவே புழங்கும் பேச்சிலிருந்து வருவதால் விளக்கம் எழுதும் வேலையும் மிச்சம்.

துளையடைப்பு பொதுமக்களுக்குச் சரி. எந்தத் துளை என்று மருத்துவ மாணவர் கேட்டால் பதில் வேண்டும், ஆகவே பாடநூலுக்கு நெய்யடைப்பு, லேபலுக்குத் துளையடைப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற குழுமத்து விதியை இதில் மீறுகிறேன் என்று கனடா ஐயா கோபிக்கக் கூடாது. தமிழ்நாட்டார் ஒளிச்சேர்க்கை என்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்று படித்தோம், செடி இரண்டு இடத்திலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் ‘துளையடைக்காதது’ என்று மாதர் சங்கம் தயாரிக்கும் பூச்சின் போத்தலில் போடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. எந்த எண்ணெய் துளையை அடைக்கும் என்று 0 முதல் 5 வரை (5தான் ஆகக் கூட அடைப்பது) எண் போட்ட பட்டியல்கள் இணையம் முழுக்க உலவுகின்றன. அந்த எண்களில் பல, முயலின் காதில் எண்ணெய் தடவிப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தவை. தோல் ஆய்வாளர்களான கிளிக்மனும் மில்ஸும் ஒப்பனைப் பொருள்களால் வரும் பருவைப் பற்றி 1972இல் எழுதியபோது கையாண்டது அந்த முறைதான். முயல் காது மனித முகத்தை விட எளிதில் அடைபடும். அதோடு தனிப் பொருளுக்குப் போட்ட எண், அதைச் சிறிதளவு சேர்த்த கலவைக்குப் பொருந்தும் என்றும் இல்லை. ஆகவே சொல்லை உருவாக்குவோம், சோதனை செய்யாத போத்தலில் ஒட்டமாட்டோம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தேசிக்காய் வராது. (உங்கள் எலுமிச்சைதான்.) அதன் சாறு தோலில் இருக்க வெயில் பட்டால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் தழும்பும் வரலாம். வன்னி வெயிலில் அந்த விளையாட்டு வேண்டாம். தேங்காயெண்ணெய் அந்தப் பட்டியல்களில் 4இல் நிற்கிறது. முயல் காதுக் கணக்கைக் கழித்துப் பார்த்தாலும், பரு உள்ள முகத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கைகாலுக்குத் தாராளமாகப் பூசலாம். லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் கூடிய சூரியகாந்தி எண்ணெயோ நல்லெண்ணெயோ சில துளி, அதுவும் முகம் கழுவி ஈரம் காயுமுன் மெல்லிசாக, என்றுதான் எழுதியிருக்கிறேன்.

இலுப்பெண்ணெய் பற்றி இலுப்பைக்கடவைப் பக்கத்து அம்மா ஒருவர் விடாமல் கேட்கிறார். மார்கழி விடியலில் போத்தலைச் சரித்தால் ஊற்றுப்படாமல் வெண்ணெய் போல் உறைந்து நிற்கும் எண்ணெய் அது. குதிவெடிப்புக்கு அருமையான நிரவி. முகத்துக்குக் கனம்.

தேன் வரும், கலப்படமில்லாத காட்டுத்தேன் கிடைத்தால். அது ஈரவாங்கி, ஆகவே பூசிக் கொஞ்ச நேரத்தில் கழுவிவிட்டு மேலே எண்ணெய்த் துளி வைக்க வேண்டும். கற்றாழைக்கு ஒரு பந்தி முழுதாக ஒதுக்கியிருக்கிறேன், பிழை விடுவது அதில்தான். மடலை அடியோடு வெட்டினால் பச்சைத் தோலுக்கும் சோற்றுக்கும் நடுவிலிருந்து மஞ்சள் பால் கசியும். அதுதான் அரிப்பையும் எரிவையும் தருவது. வெட்டு வாயைக் கீழே பார்க்கச் சாய்த்து வைத்து, மஞ்சள் வடிவது நின்ற பிறகு கழுவி, தோலைத் தடிப்பாகச் சீவினால் கண்ணாடி போன்ற சோறு மட்டும் கையில் வரும். அதில் ஏறத்தாழ முழுவதும் நீர்தான். நீர் என்றால் கிருமிக்கும் விருந்து. பழுதாகாமல் காக்கும் பொருள் சேர்க்காத கற்றாழைக் கலவையைப் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைத்து விற்க முடியாது. அன்றன்றைக்குச் செய்வது, மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டொரு நாள். கிளிசரினும் அப்படித்தான், ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு கொதித்தாறிய நீர் கலந்து கொஞ்சமாகச் செய்து முடித்துவிட வேண்டும். சீழ் வைத்த பெரிய பருக்களுக்கு இது ஒன்றும் மருந்தில்லை, தோல் வைத்தியரிடம் போகச் சொல்லியிருக்கிறேன்.

சொற்பட்டியலில் ஈரக்காப்பு, ஈரவாங்கி, நிரவி, ஈரக்காவலி, துளையடைப்பு ஐந்தும் ஏறிவிட்டன. போத்தல் லேபலில் போக இருப்பது இது:

“கற்றாழை ஈரக்காப்பு. ஈரவாங்கி: கற்றாழைச் சோறு, கிளிசரின். நிரவி: நல்லெண்ணெய். பரு வருகிறவர்கள் முதலில் தாடையோரம் சிறிது பூசிச் சில நாள் பார்க்கவும். குளிரில் வைக்கவும். இரண்டு நாளில் முடிக்கவும்.”

அச்சுக்கூடத்தார் வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள். ‘குளிரில் வைக்கவும்’ என்பது மார்கழியில் முற்றத்தில் வைப்பதாக விளங்கும் என்று சங்கத்தில் ஒருவர் சிரிக்கிறார், அதற்கு மட்டும் இன்னொரு சொல் சொல்லுங்கள்.

துணுக்காயிலிருந்து