மறு: செரோட்டினிக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். முற்றிய விதையை உடனே உதிர்க்காமல், தீ போன்ற ஒரு தூண்டுதல் வரும்வரை கூம்பிலோ கனியிலோ மூடிவைத்திருக்கும் தாவர இயல்புதான் செரோட்டினி (serotiny). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் ஒருவர் எழுதியது:

> தீ பட்டால் விரிவது, ஆகவே 'தீவிரிவு'. எளிது, போதும்.

எளிதுதான், ஆனால் போதாது. ஜாக் பைனை மட்டும் பார்த்தால் யாருக்கும் தீதான் முதலில் தோன்றும். கனடாவிலும் அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியும் தானாக வளரும் மரம் அது. கூம்பு சுண்டுவிரல் நீளம்கூட வராது. கிளை நுனியைப் பார்த்து வளைந்திருக்கும், செதில்களைப் பிசின் இறுக ஒட்டியிருக்கும். உள்ளே விதை முற்றிய பிறகும் திறக்காமல் பல ஆண்டுகள் கிளையிலேயே கிடக்கும். சூடு 50 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறினால்தான் பிசின் இளகிச் செதில்கள் பிரியும். பட்டை மெல்லியது என்பதால் காட்டுத்தீயில் தாய்மரம் செத்துவிடும். சருகு எரிந்து மண் தெரியும் இடத்தில் விதை விழும், மேலே நிழலும் இருக்காது. நாற்றுக்கு வேண்டியதே அதுதான்.

ஆனால் அதே மரத்தில் தரையோரக் கிளைக் கூம்புகள் கடும் வெயிலிலேயே திறப்பதுண்டு. தெற்கே போகப்போக, தீயை எதிர்பாராமல் திறக்கும் மரங்கள் கூடுகின்றன. ஆஸ்திரேலியாவின் பாங்க்சியா இனங்கள் சிலவற்றில் கிளை பட்டுப்போனாலே விதை வெளியே வரும், அதுவும் கனியிலிருந்து. (ஜாக் பைனின் அறிவியல் பெயர் பைனஸ் பாங்க்சியானா. இரண்டு பெயரும் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் நினைவாக வைத்தவைதான்!) பாலைநிலச் செடிகள் சில மழையில் நனைந்தால் திறக்கும். அதையும் தீவிரிவு என்பதா?

எல்லாவற்றுக்கும் பொதுவானவை இரண்டு: மூடிவைப்பது, காலம் தாழ்த்துவது. லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் 'தாமதமாக வருவது' என்றே பொருள். இங்கே முன்பு ஒருவர் பரிந்துரைத்த 'காத்துவிரிதல்' (காத்திருந்து விரிவது) பொருளில் நெருக்கம். ஆனால் பேச்சில் காத்து என்றால் காற்று. பைன் விதை வேறு சிறகோடு காற்றில் பறப்பது. மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்?

என் பரிந்துரை 'தாழ்திறப்பு'. தாழ் என்றால் கதவின் தாழ்ப்பாள், தாழ்த்துவது என்றால் தாமதிப்பது. இரண்டும் ஒரே அசையில் அடங்குகின்றன. வெடிகனி, வெடியாக்கனி என்று பாடநூலில் இருக்கும் சொற்களோடும் இது இடிக்காது. தாழ்திறப்புக் கூம்பு, தாழ்திறப்புக் கனி என்று எழுதலாம். 'தாழ்வான திறப்பு' என்று யாராவது படிப்பார்கள்தான். ஒரு படம் போட்டால் தீர்ந்தது.

அப்புறம், முற்றியதும் திறந்துவிடும் கூம்புக்கும் தனிச்சொல் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று படுகிறது. அது வெறும் கூம்பு, அவ்வளவுதான்.