குடி இல்லை, வேறு

தங்கச்சிமடத்தில் ஒரு ஆண் ராத்திரியில் வாந்தி எடுத்தால் ஊருக்குத் தெரிந்த காரணம் குடிதான். நான் குடிப்பதில்லை. ஆனாலும் மூன்று வருடம் அந்தப் பெயரோடு இருந்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபம்.

விசைப்படகு வேலை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், சும்மா இருக்கிறோமே என்று ஜிம்முக்குப் போனேன். சோற்றைக் குறைத்தேன், அப்புறம் நிறுத்தினேன். பகலெல்லாம் பட்டினி. எல்லாரும் படுத்ததும் அடுப்படியில் உட்கார்ந்து பானைச் சோறு, நகரை மீன் குழம்பு, காலையில் மிஞ்சிய இட்லி என்று அள்ளிப் போட்டுக்கொண்டு, கடற்கரைக்குப் போய் எல்லாவற்றையும் வெளியே தள்ளுவேன். மீன் வாடிப் பக்கத்து நாய்கள் என்னை எதிர்பார்க்கவே ஆரம்பித்துவிட்டன. அம்மா, "ஏர்வாடி தர்காவுக்கு ஒரு நடை போயிட்டு வருவமாய்யா" என்றார்.

கண்டுபிடித்தது பல் டாக்டர். மேல் முன்பற்களின் உள்பக்கம் அரித்திருப்பதைப் பார்த்து, "தம்பி, அடிக்கடி வாந்தி எடுப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். புலிமியா என்றார், அளவில்லாமல் தின்றுவிட்டு அதை வெளியே தள்ளும் நோய். "அது பொம்பளைங்களுக்கு வர்றதுல்ல சார்?" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இளவரசி டயானாவுக்கு அது இருந்த செய்தி மட்டும்தான்.

அமெரிக்காவில் 2007இல் வந்த ஆய்வின்படி, வாழ்நாளில் புலிமியா வருவது பெண்களில் 1.5 சதவீதம், ஆண்களில் 0.5. அப்படியென்றால் நாலு பேரில் ஒருவன் ஆண். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பிளின்டாஃப்கூட 2020இல் பிபிசி ஆவணப்படத்தில் தன் புலிமியாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். நம் சினிமாவில் அள்ளிச் சாப்பிடுகிறவன் காமெடியன், பட்டினி கிடந்து சிக்ஸ்பேக் வைத்தவன் ஹீரோ. நான் பகலில் ஹீரோ, ராத்திரியில் காமெடியன். நோயாளி என்று ஒரு வேஷத்தை யாருமே காட்டவில்லை.

இப்போது மதுரையில் மனநல மருத்துவரைப் பார்க்கிறேன். வாந்தி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

---

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கீழக்கரை. என் தம்பிக்கு வாந்தி இல்லை. புஜம் இரண்டும் தொடை மாதிரி இருக்கும், ஆனாலும் "மெலிஞ்சு போயிட்டேன் லாத்தா" என்பான். இப்படியும் ஒன்று இருப்பதை 1993இலேயே எழுதியிருக்கிறார்கள், முதலில் 'தலைகீழ் அனோரெக்சியா' என்று பெயர் வைத்து. மெலிந்தவர் தன்னைக் குண்டு என்று நினைத்துப் பட்டினி கிடப்பது அனோரெக்சியா, இது அதற்கு நேர்மாறு. கல்யாண வீட்டில் நாலு பேர் ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டில் கை வைக்க, இவன் மட்டும் டப்பாவில் கொண்டுவந்த முட்டை வெள்ளையோடு மாடிக்குப் போய்விட்டான். "என்னா பெருமை" என்று சனம் பேசியது. பெருமை இல்லை, பயம்.

அதை அவனுக்கும் அனுப்பினேன், நீங்கள் எழுதியதை. நீல டிக் விழுந்திருக்கிறது.