அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்: 26 வயதில் நான் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என் அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அத்தைக்கு 49 வயதில் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. அப்பாவின் கட்டியில் எம்எஸ்எச்2 என்ற புரதம் காணப்படவில்லை என்று பயாப்சி அறிக்கை சொல்கிறது. புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நான் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா, நேராகக் கொலனோஸ்கோப்பிக்கு (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) போய்விடலாமா?

மறுமொழி 1

முதலில் சோதிக்க வேண்டியது அப்பாவின் இரத்தத்தை. கட்டியில் புரதம் இல்லாதது வலுவான தடயம்தான் என்றாலும், மரபணுப் பிழை பிறவியிலேயே வந்ததா என்பதை இரத்தச் சோதனைதான் உறுதிப்படுத்தும். அவரிடம் மரபணு மாற்றம் தெரிந்துவிட்டால் உங்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும்; இருக்கும் வாய்ப்பு சரிபாதி. இல்லையென்றால் இந்தத் தனிக் கண்காணிப்பே உங்களுக்குத் தேவைப்படாது. அவரை விட்டுவிட்டு உங்களைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று வந்தால், அதை நம்பி நிம்மதியடைய முடியாது. குடும்பத்தில் உள்ள பிழையைச் சோதனை தவறவிட்டிருக்கவும் கூடும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அந்தப் புரதத்துக்கான எம்எஸ்எச்2 மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு 20 முதல் 25 வயதுக்குள் கொலனோஸ்கோப்பியைத் தொடங்கி, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை செய்வதே நடைமுறை. உயிரணு பிரியும்போது டிஎன்ஏவில் நேரும் நகல் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு இவர்களிடம் பழுதாகிவிடுவதால், மற்றவர்களிடம் பத்தாண்டு அளவில் புற்றாக மாறும் பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி) இவர்களிடம் சில ஆண்டுகளிலேயே மாறிவிடக்கூடும். பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் கவனித்தபோது, மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைந்திருந்தது. பாலிப்பை அப்போதே அகற்றிவிடுவதால், இது நோயைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல் வராமலும் தடுக்கிறது.

மறுமொழி 3

நானும் இந்த மாற்றம் உள்ளவள். இதுவரை நான்கு முறை செய்துகொண்டிருக்கிறேன். முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பெரும்பாடு, பரிசோதனை அல்ல. ஆனால் அதில் சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் முறை குடல் சரியாகச் சுத்தமாகவில்லை. அறிக்கையில் 'இயல்பு' என்றே இருந்தது, நானாகக் கேட்ட பிறகுதான் பாதி சரியாகத் தெரியவில்லை என்றார்கள். அத்தையின் மகள்கள் இருந்தால் அவர்களுக்கும் செய்தியைச் சொல்லுங்கள்: கருப்பைக்கு இதுபோல் நம்பகமான கண்காணிப்பு இல்லை, ஸ்கேன் மட்டும் போதாது. முறைதவறிய இரத்தப்போக்கு என்றால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்பாவின் இரத்தச் சோதனைக்கு இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். புற்றுநோயைத் தடுக்க ஆஸ்பிரின் பயன்படும் என்று படித்தேன், உண்மையா?

மறுமொழி 2

உண்மைதான். லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் நடந்த கேப்2 என்ற ஆய்வில் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கொடுத்தார்கள். பலன் சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. ஆனால் வயிற்றில் இரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால், உங்கள் சோதனை முடிவு தெரியும் முன் நீங்களாகத் தொடங்காதீர்கள். எடுத்துக்கொண்டாலும் கொலனோஸ்கோப்பியை நிறுத்த முடியாது.