கர்ப்பிணித் தங்கையைக் கணவர் அடிக்கிறார்: பிரசவம் வரை பொறுத்திருக்கச் சொல்வது சரியா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் நடக்கிறது. மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். முன்பு வாய்ச்சண்டையாக இருந்தது, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு கைநீட்டும் அளவுக்கு வந்தது. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கி, படகு கரையில் நிற்க, கையில் காசில்லாமல் அவர் வீட்டிலேயே இருப்பதால் இப்போது அடிக்கடி நடக்கிறது. நேற்று முன்தினம் இரவு வயிற்றில் உதைத்திருக்கிறார். இரத்தம் படவில்லை, பிள்ளை அசைகிறது என்று சொல்லி யாரும் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை.

எங்கள் அம்மா, "பிள்ளை முகத்தைப் பார்த்தால் திருந்திவிடுவான், ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கூட்டி வந்துவிடலாம்" என்கிறார். எனக்கு அதுவரை பொறுக்க மனமில்லை. இப்போதே அழைத்து வந்தால் அந்த வீட்டில் அவளுக்குள்ள உரிமை போய்விடுமா? யாரிடம் சொல்ல வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், தொண்டி

அம்மா, வழக்கு, பஞ்சாயத்து எல்லாவற்றையும் ஒருபுறம் வைத்துவிட்டு, இன்றைக்கே உங்கள் தங்கையை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து விலகக்கூடும். அப்படி விலகும்போது சில பெண்களுக்கு இரத்தம் உள்ளேயே தேங்கிவிடுவதால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் உயிராபத்தாக முடியும். குறைமாதத்தில் வலி எடுப்பதும், பனிக்குடம் உடைவதும் இதனால் வருகிறவைதான். வயிறு கல்லாக இறுகினாலோ, வலி விட்டுவிட்டு வந்தாலோ, நீர் கசிந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். அவருடைய இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதற்குரிய ஊசியை அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு இருக்கும் நேரம் குறைவு.

மருத்துவமனையில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்ல வைக்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பின்னால் உண்மையைச் சொல்லும்போது அந்தத் தாளே எதிராக நிற்கும். யார், எப்போது, எங்கே அடித்தார் என்பதைச் சொல்லிப் பதியச் செய்து, நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தாயார் சொல்வதைப் போலவே சொன்ன தாய்மார்கள் பலரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவளை உதைத்தவர், பச்சை உடம்புக்காரியாக இருக்கும்போது தானாகத் திருந்தியதை நான் பார்த்ததில்லை. கழுத்தை நெரித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா என்று தங்கையிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டில் ஒன்று நடந்திருந்தாலும் உங்கள் தங்கை இன்னோர் இரவு அந்த வீட்டில் தங்கக் கூடாது.

பதில்: இலவச சட்ட உதவிப் பணியில் இருக்கும் வழக்கறிஞர், இராமநாதபுரம்

உங்கள் உரிமைக் கேள்விக்கு விடை சொல்கிறேன். தாய்வீட்டுக்கு வருவதால் உங்கள் தங்கையின் உரிமை போகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும், மனைவிக்குக் கணவரோடு வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. தங்கை தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊருக்குரிய நீதித்துறை நடுவர் மன்றத்திலும் மனுக் கொடுக்கலாம் என்பதால், தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டே அதைச் செய்ய முடியும். பாதுகாப்பு ஆணை, மருத்துவச் செலவு, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்கலாம். மனுவை 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் நீளும். எனவே 23ஆம் பிரிவின்படி இடைக்கால ஆணையை முதலிலேயே கேளுங்கள்.

இது சிறைக்கு அனுப்புவதற்கான வழக்கு அன்று என்பதை உங்கள் தாயாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கணவரின் கொடுமைக்குரிய குற்ற வழக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில், தனியாக இருக்கிறது. அதைத் தொடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் தங்கைதான் முடிவு செய்ய வேண்டும். குடும்ப வன்முறைச் சட்ட மனுவை எழுத, அந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் உதவுவார். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். இரவு நேரத்தில் ஆபத்து என்றால் 181 மகளிர் உதவி எண். ஊர்க்கூட்டத்தில் எழுதி வாங்கும் எந்தத் தாளும் நீதிமன்றம் போகும் உரிமையைப் பறிக்காது.

பதில்: கடற்பாசி எடுக்கும் பெண், பெரியபட்டினம் பக்கம்

ஒன்றே ஒன்று சொல்கிறேன், அக்கா. அண்ணன் தம்பிகளை அனுப்பி மாப்பிள்ளையை மிரட்டிவிட்டுத் தங்கையை அங்கேயே விட்டு வராதீர்கள். என் தெருவில் அப்படிச் செய்தார்கள். அவர்கள் வண்டி திரும்பிய அன்றிரவே அந்தப் பிள்ளைக்கு இரட்டிப்பாக விழுந்தது. அழைத்து வந்த பிறகு பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை போகிறோம். மாமியார் எந்தப் பரிசோதனைக்கும் கூடவே வருவார், தங்கை அவர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். அதற்கு என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், தொண்டி

உள்ளே போகும் முன்பே செவிலியரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எடை பார்க்கவும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் கர்ப்பிணியைத் தனியாக அழைப்பது வழக்கம்தான், மாமியாருக்குச் சந்தேகம் வராது. உடன் வந்தவர் முன்னால் இதைக் கேட்கவே கூடாது என்பது எங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. கிளம்பும்போது தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார், தங்கை பெயரிலுள்ள வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் வரும். கர்ப்பத்தைப் பதிந்தபோது அவருக்குக் கொடுத்த பிக்மி எண் எந்த ஊருக்குப் போனாலும் செல்லும்; உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே காட்டி, அடுத்த பரிசோதனை நாளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.