டப்ளின் குழந்தைகள் மருத்துவமனை: செலவு இவ்வளவு உயர்ந்தது ஏன்?

கேள்வி:
அயர்லாந்தின் புதிய தேசியக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 2017-இல் ஒப்புதல் பெற்ற தொகை 98.3 கோடி யூரோ. 2024 பிப்ரவரியில் அது 224 கோடியாகிவிட்டது. கண்காணிப்பதற்கென்றே தனி மேம்பாட்டு வாரியம் இருந்தும் இது எப்படி நேர்ந்தது? பொதுப்பணி மேலாண்மை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
முக்கியக் காரணம் இரண்டு கட்ட ஒப்பந்த முறை என்பது என் கருத்து. விரிவான வரைபடங்கள் முடிவதற்கு முன்பே, தோராயமான அளவுகளை வைத்து ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்து, அடித்தளப் பணியைத் தொடங்கிவிட்டு, இறுதி விலையைப் பின்னர் பேசித் தீர்ப்பது அதன் அடிப்படை. காலம் மிச்சமாகும் என்று நம்பினார்கள். ஆனால் வடிவமைப்பு முழுமை பெற்றபோது கம்பி, குழாய், கான்கிரீட் அளவுகள் கணக்கை மீறின. 2018 இறுதியில் மதிப்பீடு 143.3 கோடியைத் தொட்டது. குழி தோண்டிய பிறகு பேரம் பேசுபவரின் கை தாழ்ந்துதான் இருக்கும்.

பதில் 2:
மேலே கூறியது சரியே. எனினும் இரு தொகைகளையும் நேராக ஒப்பிடுவது பொருந்தாது. 224 கோடியில் கணினி அமைப்புகளும், மூன்று பழைய குழந்தைகள் மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் செலவும் அடங்கும், 98.3 கோடியில் அவை சேரவில்லை.

பதில் 3:
இடத் தேர்வில் கழிந்த ஆண்டுகளையும் மறக்கலாகாது. முதலில் டப்ளினின் மேட்டர் மருத்துவமனை வளாகத்தில் கட்டும் திட்டம், கட்டடத்தின் உயரமும் பருமனும் நகரத் தோற்றத்தைக் கெடுக்கும் என்று 2012 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதே நகரின் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனை வளாகம் தேர்வானது; அங்கே அனுமதி கிடைத்ததோ 2016-இல்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒப்பந்த முறையைப் பரிந்துரைத்தவர்கள் யார் என்பதையும் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.